மூர்த்தி சாரை வேலையை விட்டு நீக்கிய நாளில் நானும் இருந்தேன்

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். கும்மிடிப்பூண்டி திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். அதை நம்பி, சென்ட்ரலில் திருவள்ளூர் ரயிலில் ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கி, திருவள்ளூரில் இறங்கி, "கும்மிடிப்பூண்டிக்கு எந்தப் பக்கம் நடக்கணும்?" என்று கேட்டவள் நான். கேட்டது பிளாட்பாரத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம். அந்த அம்மா என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். "நடந்தா நாளான்னிக்குப் போவ. அது வேற லைனுமா. வந்த வண்டிலயே திரும்பிப் போ" என்றார்.

முந்தின இரவு தங்கிய என் மகள் வீட்டில், "கூட வரட்டுமாம்மா?" என்று அவள் கேட்டதற்கு, "எனக்குத் தெரியாத ரயிலா?" என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். அதனால் திரும்பிப் போகவில்லை. மானம் ஒன்று இருக்கிறதே.

ஏன் போனேன் என்று சொல்கிறேன். எனக்குச் செய்யாறு பக்கம். இரண்டு கறவை மாடு, பால் சங்கத்தில் உறுப்பினர், படிப்பு ஐந்தாவது. இந்த முறை எங்கள் சங்கத்துத் தலைவர் இடம் பெண்களுக்கு என்று ஆகிவிட்டது. அன்று சாயந்திரமே என் கொழுந்தன் வீட்டுக்கு வந்து, "அண்ணி, நீங்க பேரை மட்டும் குடுங்க. மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றார். என் மாட்டுக்கே நான்தான் பேர் வைக்கிறேன். என் பேரை வாடகைக்கு விடுவேனா? ஆனால் தனியாக உட்கார்ந்து ஒரு சங்கத்தை நடத்தத் தெரியுமா என்றால், அதுவும் தெரியாது. முன்பு ஒரு கூட்டுறவுப் பயிற்சியில் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட கன்னியம்மா நினைவுக்கு வந்தார். எளாவூர் போகிற வழியில், முழுக்கப் பெண்களே நடத்தும் கையுறைத் தொழில் கூட்டுறவுச் சங்கத்துக்குத் தலைவர் அவர். "வந்து பாரு, கத்துக்கினு போ" என்று அன்றைக்கே சொல்லியிருந்தார். ஆடி முடிந்த வாரம் கிளம்பிவிட்டேன்.

திருவள்ளூர் ஸ்டேஷன் வாசலில் ஆட்டோக்காரர் ஒருவர், "கையுறை தைக்கிற எடமா? காக்களூர்ல இல்லாத கம்பெனியா? குந்து கா" என்றார். குந்தினேன். காக்களூர் தொழிற்பேட்டை வாசலில் விட்டு நூற்றிருபது ரூபாய் வாங்கிக்கொண்டார். அங்கிருந்த வாட்ச்மேன் சிரித்துவிட்டு என்னைத் திரும்ப பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்பினார். திருவள்ளூரிலிருந்து பெரியபாளையம், அங்கே பஸ் மாறி கவரைப்பேட்டை வழியாகக் கும்மிடிப்பூண்டி. சாதாரண பஸ்ஸாகப் பார்த்து ஏறினால் பெண்கள் நமக்கு டிக்கெட் கிடையாது. எனக்கு மொத்தம் இரண்டரை மணி நேரம் ஆனது. நல்ல காற்று, பச்சை வயல். கவரைப்பேட்டை தாண்டி கல்கத்தா ரோடு ஏறியதும் பச்சை போய்ப் புகைபோக்கி வந்துவிடும். லாரிக்குப் பின்னால் லாரி. டீக்கடைப் பலகையில் இந்தி. மூக்குக்குள் இரும்பு வாசனை.

கும்மிடிப்பூண்டியில் ஷேர் ஆட்டோ. எளாவூர் பக்கம் தலைக்கு இருபது ரூபாய். ஓட்டுகிறவர் வயசுப்பிள்ளை, கழுத்தில் கர்ச்சீப்.

"எங்க கா?"

"மகளிர் கையுறை சங்கம்."

"அது எங்க கீது?" என்று யோசித்தவர், "ஓ! மூர்த்தி சார் கம்பெனியா? அப்டி சொல்லு கா!" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "யாருப்பா அது மூர்த்தி சார்?"

"அவுருதான் கா எல்லாம். அத்தினி பொம்பளைங்கள வெச்சினு மேய்க்கிறாரே, லேசுப்பட்ட வேலையா?"

"நீ பாத்திருக்கியா?"

"பாத்ததில்ல கா. ரொம்ப நல்ல மனுஷன்."

வழி முழுக்க எனக்கு எரிச்சல். இவ்வளவு தூரம், அதுவும் ரெண்டு லைன் சுற்றி வந்து பார்த்தால், இங்கேயும் ஒரு கொழுந்தன்!

சங்கம் இருப்பது பழைய ரைஸ் மில் கொட்டகையில். உள்ளே வரிசையாக மிஷின்கள், நாற்பது பெண்கள் இருக்கலாம். கேன்வாஸ் துணி, உள்ளங்கையில் தோல் வைத்துத் தைத்த கையுறைகள் மலை மாதிரி குவிந்திருந்தன. சூடான இரும்பைத் தூக்குகிறவர்கள் போட்டுக்கொள்வது. எனக்குக் கால் கடுத்தது. ஜன்னலோரம் கைவைத்த நாற்காலி ஒன்று காலியாக இருந்தது. முதுகில் வெள்ளைத் துண்டு, எதிரே மேசை, மேசையில் மூக்குக்கண்ணாடி, ஆவி பறக்கும் டீ கிளாஸ். போய் உட்கார்ந்தேன்.

எல்லா மிஷினும் நின்றது.

"ஐயோ அக்கா, எழுந்துரு! அது மூர்த்தி சார் சேரு!" என்று ஒருத்தி கத்தினாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி அத்தனை கனம். அவள்தான் ஸ்டெல்லா. தைப்பவர்களுக்கு மேஸ்திரி. அவள் போகும் மாதா கோயிலில் பாட்டுக் குழுவில் அவளை ஆண்கள் வரிசையில்தான் நிறுத்துவார்களாம்.

எனக்குக் கோபம். "வரட்டும் உங்க சாரு. எவ்வளவு நேரம் நிக்க வைப்பீங்க? அவரையே கேட்கிறேன்" என்று அழுத்தி உட்கார்ந்துகொண்டேன்.

கன்னியம்மா உள்ளேயிருந்து வந்தார். என்னைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், சிரிக்க ஆரம்பித்தார். அப்புறம் கொட்டகையே சிரித்தது.

மூர்த்தி சார் என்று ஒருவர் கிடையாது. பிறக்கவே இல்லை.

ஆறு வருஷத்துக்கு முன்னால், பக்கத்து இரும்பு உருக்கும் கம்பெனியிலிருந்து முதல் ஆர்டருக்கு ஃபோன் வந்தது. கன்னியம்மா எடுத்துப் பேசியிருக்கிறார். அந்தப் பக்கத்திலிருந்து, "ஆம்பள யாருனா இருந்தா ஃபோனைக் குடும்மா" என்றார்களாம். கன்னியம்மா சும்மா ஃபோனை ஸ்டெல்லாவிடம் நீட்டினார். அன்றைக்கு அவளுக்கு ஜலதோஷம் வேறு. எதிரே சுவரில் ஏதோ மளிகைக்கடைக் காலண்டர், அதில் மூர்த்தி என்று ஒரு பேர். "ஹலோ, மூர்த்தி பேசறேன்" என்றாள். அந்தப் பக்கம் உடனே "சொல்லுங்க சார்" ஆகிவிட்டது. ஆர்டரும் வந்தது.

அன்றிலிருந்து மூர்த்தி வளர்ந்தார். அவருக்குச் சர்க்கரை வியாதி வந்தது. முன்கோபம் வந்தது. யாராவது நேரில் வந்தால் அவர் திருப்பதி போயிருப்பார், இல்லையென்றால் "தோ இப்பதான் எழுந்து போனாரு." அதற்குத்தான் சூடான டீ. கையெழுத்தெல்லாம் எப்போதும் கன்னியம்மாதான். சார் சொல்கிறார், அம்மா போடுகிறார் என்று வெளியே நினைத்துக்கொண்டார்கள். தீபாவளிக்கு மூர்த்திக்கு ஸ்வீட் பெட்டி வரும், சட்டைத்துணி வரும். ஸ்வீட்டை இவர்கள் தின்றார்கள். சட்டைத்துணி பீரோவில் சேர்ந்துகொண்டே போனது.

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். எங்கள் ஊரில் பேர் பெண்ணுடையது, நாற்காலியில் இருப்பது ஆண். இங்கே வேலை செய்வது அத்தனையும் பெண், பேர் மட்டும் ஆணுடையது. எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் நமக்கு உட்கார இடம் இல்லை.

"சிரிக்கிற நேரமா இது?" என்று ஒரு அம்மா அதட்டினார். அவர் நாகம்மா. எளாவூர்க்காரர், பேச்சில் தெலுங்கு கலந்து வரும். அவர் அதட்டியதற்குக் காரணம் இருந்தது. அந்த இரும்புக் கம்பெனிக்குப் புதிதாகப் பர்ச்சேஸ் அதிகாரி வந்திருக்கிறார். வருஷ ஆர்டரை மூர்த்தி சாரை நேரில் பார்த்துத்தான் போடுவேன் என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு மூன்று மணிக்கு வருகிறார். சங்கத்தின் வேலையில் பாதிக்கு மேல் அந்த ஒரு ஆர்டர்தான். அது போனால் பாதி மிஷின் நின்றுவிடும்.

அதற்கு ஒரு ஏற்பாடும் தயாராக இருந்தது. ஸ்டெல்லாவின் வீட்டுக்காரர் ஏசுதாஸ். இரும்புக் கம்பெனி ஒன்றில் லோடு ஏற்றுகிறவர், நைட் ஷிப்ட், பகலில் சும்மா. மூர்த்தி சாருக்கு வந்த துணியிலேயே வெள்ளைச் சட்டை தைத்து மாட்டிவிட்டிருந்தார்கள். மூலையில் நின்று வேர்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு வாட்டி ஒத்திகை பாத்துரலாம்" என்று ஒருத்தி எழுந்து இடுப்பில் கை வைத்தாள். "இன்னா மூர்த்தி சார், டெலிவரி எப்ப?"

ஏசுதாஸ் திரும்பினார். "ஸ்டெல்லா, எப்ப?"

"யோவ்! என்னக் கேக்காத, நீதான்யா சாரு!"

"சரி சரி. அடுத்த வாரம். அடுத்த வாரம்தான ஸ்டெல்லா?"

"இந்த சாருக்கு நாஷ்டா குடுத்ததே வேஸ்ட்டு" என்றாள் இன்னொருத்தி. எனக்கு வயிறு வலித்துவிட்டது.

சிரிக்காமல் நின்றது கன்னியம்மா மட்டும். ஒருகாலத்தில் இதே பக்கம் வயலில் நாற்று நட்டவர். அந்த வயல் மேல்தான் இப்போது கம்பெனிகள் நிற்கின்றன. "எனக்கு இது வாணாம்னு தோணுது" என்றார்.

நாகம்மா திரும்பினார். "வீம்பு பண்ற நேரமா கன்னியம்மா? மூர்த்தி இருந்தா டப்பு வருது. எம்பொண்ணு நர்சிங் படிக்குது. இன்னும் ஒரே ஒரு நாளு அந்தாளு உயிரோட இருக்கட்டுமே."

"ஒரு நாளுன்னுதான் நாகம்மா ஆரம்பிச்சோம். ஃபோன்ல இருக்கிற மூர்த்திய நாம கட் பண்ணலாம். சேர்ல குந்தின மூர்த்திய யாரு எழுப்புவா?"

"நான் எழுந்துப்பேன் கா" என்றார் ஏசுதாஸ் பாவமாக.

"நீ எழுந்துப்ப நைனா. உன்னப் பாத்துட்டுப் போனவன் எழுப்ப உடமாட்டான். அடுத்த மாசம் மீட்டிங்குக்கு சாரக் கூப்டுவான். அப்பால ரேட்டு சாரோட பேசுவான். நாம தைச்சிக்கினே இருப்போம்."

கொட்டகையில் இரண்டு பக்கமும் பேச்சு எழுந்தது. பிள்ளைகளின் ஃபீஸ், வீட்டு வாடகை, குழுக்கடன். பயப்படுகிறவர்கள் பயத்தில் நியாயம் இருந்தது. கன்னியம்மா கை தட்டினார். "ஓட்டு" என்றார்.

இவர்கள் ஓட்டுப் போடும் முறையை நான் வேறு எங்கேயும் பார்த்ததில்லை. ஆளுக்கு ஒரு கையுறையை முந்தானைக்குள் மறைத்து எடுத்து வந்து சாக்குக்குள் போடுவார்கள். வலது கை என்றால் சரி, இடது கை என்றால் வேண்டாம். யார் எதைப் போட்டார்கள் என்று தெரியாது. அப்புறம் சாக்கைக் கவிழ்த்து வலதையும் இடதையும் ஜோடி சேர்த்து நகர்த்துவார்கள். ஜோடி கிடைக்காமல் எந்தக் கை மிஞ்சுகிறதோ அந்தப் பக்கம் ஜெயித்தது. சேர்ந்த ஜோடிகளை அப்படியே கட்டிவிடுவார்கள். ஓட்டும் ஆயிற்று, பேக்கிங்கும் ஆயிற்று.

"எனக்கு?" என்று கேட்டேன்.

"செய்யாறு அக்காவுக்கு ஓட்டு இல்ல. டீ மட்டும்" என்றாள் ஸ்டெல்லா. மூர்த்தி சாரின் டீயைக் கொடுத்தாள்.

வலது கை என்றால் மூர்த்தி இன்றோடு வெளியே. இடது கை என்றால் ஏசுதாஸ் உட்கார வேண்டும். சாக்கு கவிழ்ந்தது. கன்னியம்மாவும் நாகம்மாவும் எதிரெதிரே உட்கார்ந்து ஜோடி சேர்த்தார்கள். குவியல் சிறுத்துக்கொண்டே வந்தது. கடைசி இடது கையை நாகம்மா எடுத்துக் கன்னியம்மாவிடம் நீட்டினார். தரையில் மூன்று வலது கை மிச்சம்.

நாகம்மா அந்த மூன்றையும் ஒரு தடவை எண்ணினார். பிறகு எழுந்து போய், நாற்காலியில் இருந்த வெள்ளைத் துண்டை உருவி உதறி, தன் மிஷினில் வழிந்த எண்ணெயைத் துடைத்தார். "போய்க் குந்து கன்னியம்மா. மணி ஆவுது" என்றார். அவர் போட்டது இடது கைதான் என்று, பேசிய பேச்சிலேயே எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் எனக்குக் கண் கலங்கியது. டீ புரையேறியது என்று சொல்லிவிட்டேன்.

அதிகாரி சரியாக மூன்று மணிக்கு வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும், மரியாதையான பிள்ளை. கையில் ஸ்வீட் பெட்டி, ஜரிகை வைத்த சால்வை. "மூர்த்தி சாருக்குக் கம்பெனி சார்பா மரியாதை பண்ணணும். சார் எங்கம்மா?" என்று, நாற்காலியில் உட்கார்ந்திருந்த கன்னியம்மாவைக் கேட்டார்.

"வேலைய உட்டு நிறுத்திட்டோம் சார்."

"மூர்த்தி சாரையா? யாரு நிறுத்தினா?"

"நாங்கதான். ஓட்டுப் போட்டு."

"என்னம்மா இது! அவ்ளோ பெரிய மனுஷன் என்ன தப்புப் பண்ணாரு?"

"ஒரு நாள்கூட வேலைக்கு வரல."

அவருக்குப் புரியவில்லை. ஃபோனை எடுத்து மூர்த்தி சார் நம்பருக்கு அடித்தார். மணி ஸ்டெல்லாவின் மிஷின் மேல் அடித்தது. அவள் நிதானமாகக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஃபோனை எடுத்து, அவரைப் பார்த்துக்கொண்டே, "ஹலோ, மூர்த்தி பேசறேன்" என்றாள்.

அந்தப் பிள்ளை காதிலிருந்து ஃபோனை இறக்கினார். "இத்தனை நாளா ஏமாத்திட்டு இருந்தீங்களா?"

கன்னியம்மா எழுந்திருக்கவில்லை. "உங்க ஆபீஸ்லதான் சார் ஆம்பள கேட்டாங்க. குடுத்தோம். கேட்டத கேட்ட நேரத்துல குடுக்கிறதுதான எங்க தொழிலு? கையுறை ஒண்ணாவது பிஞ்சி வந்துதா சொல்லுங்க. அத்த மூர்த்தி தைக்கல. இவங்க தைச்சாங்க. ரேட்டு மூர்த்தி பேசல. இவ பேசினா. இனிமே கன்னியம்மா பேசுவேன். புடிச்சா ஆர்டர் போடுங்க, புடிக்கலன்னா போங்க. ஆனா ஆம்பளயக் கூப்புடுன்னு மட்டும் கேக்காதீங்க. அந்த சரக்கு இங்க தீந்துபோச்சி."

அவர் சிரிக்கவில்லை. நானாக இருந்தால் சிரித்திருப்பேன். வெளியே போய்க் காரில் உட்கார்ந்து யாருடனோ பேசினார். ரொம்ப நேரம் பேசினார். ஒருத்தியும் தைக்கவில்லை. எல்லாரும் ஜன்னல் வழியாகக் காரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முதலில் மிஷினைப் போட்டது நாகம்மா. "நின்னு பாத்தா மட்டும் குடுத்துடுவானா? தைங்க" என்றார். மறுபடியும் சத்தம் எழுந்தது.

திரும்பி வந்து, "வருஷத்துக்கு முடியாதும்மா. மூணு மாசம். ட்ரையல் மாதிரி" என்றார்.

"ஆறு வருஷமா எங்க கையுறையப் போட்டுனு இரும்பு தூக்கறாங்க. இப்பதான் ட்ரையலா?"

"மேல சொன்னதைச் சொல்றேன்மா."

கன்னியம்மா காகிதத்தை வாங்கிப் பார்த்தார். "மூர்த்தின்னு போட்டிருக்கீங்களே, அத்த அடிச்சுட்டு எம்பேர எழுதுங்க. கன்னியம்மா, தலைவர்." அவர் எழுதிக் கொடுத்த பிறகுதான் கன்னியம்மா கையெழுத்துப் போட்டார்.

பாவம், கையில் இன்னும் அந்தச் சால்வை. யாருக்குப் போடுவதென்று தெரியாமல் நின்றார். ஸ்டெல்லா நேரே போய் அவர் முன்னால் கழுத்தை நீட்டினாள். வேறு வழியில்லை, போட்டார். ஏசுதாஸ்தான் முதலில் கை தட்டினார்.

கிளம்பும்போது மேசையில் கிடந்த கையுறைகளை ஒரு பையில் போட்டு, "ஞாபகத்துக்கு வெச்சிக்கோ கா" என்று கன்னியம்மா கொடுத்தார். திரும்பும்போது அதே ஷேர் ஆட்டோப் பிள்ளைதான்.

"மூர்த்தி சாரப் பாத்தியா கா?"

"வேலையை விட்டு நிறுத்திட்டாங்கப்பா."

"அடப்பாவமே! அவ்ளோ நல்ல மனுஷன." ஒரு லாரியைத் தாண்டிவிட்டுத் திரும்பினார். "வேற யாரு கா வராரு?"

"யாரும் வரல. அங்கேயே இருந்தவங்கதான்."

"பேஜாராப் பூடுமே" என்று கவலைப்பட்டார். அவர் கவலை அவருக்கு.

சாயந்திர ரயிலில் மீஞ்சூர் தாண்டும் வரை யோசித்துக்கொண்டே வந்தேன். மூன்று மாதம் கழித்து அந்த ஆர்டர் வருமா என்று எனக்குத் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. நாகம்மா மகள் ஃபீஸ் எனக்கு இப்போதும் நினைவுக்கு வந்துகொண்டே இருக்கிறது. ஆனாலும் அந்த மூன்று வலது கை போட்டவர்களில் நானும் ஒருத்தியாக இருந்திருக்கக் கூடாதா என்றிருக்கிறது. ஊருக்கு வந்ததும் தலைவர் பதவிக்கு மனுக் கொடுத்துவிட்டேன். கொழுந்தன் வந்து, "சங்கத்துக்கு ஃபோன் வந்தா யாரு அண்ணி பேசுறது?" என்றார். "நான்தான். குரலைக்கூட மாத்திக்கப் போறதில்லை" என்றேன். பேரும் என்னுடையது, நாற்காலியும் என்னுடையது. தோற்றாலும் அப்படித்தான் தோற்பேன்.

உங்கள் சங்கத்திலிருந்தோ குழுவிலிருந்தோ போக நினைப்பவர்களுக்கு: சென்ட்ரல் புறநகர் நிலையத்தில் கும்மிடிப்பூண்டி என்று எழுதிய வண்டியில் மட்டும் ஏறுங்கள். டிக்கெட் பதினைந்து ரூபாய், ஒன்றரை மணி நேரம் ஆகும். திருவள்ளூர் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை கொட்டகை பூட்டியிருக்கும். ரோட்டில் தூசி அதிகம், முகத்துக்கு ஒரு துணி வேண்டும். ஷேர் ஆட்டோவில் இன்னும் கொஞ்ச நாளைக்கு மூர்த்தி சார் கம்பெனி என்றால்தான் தெரியும். நீங்கள் கன்னியம்மா கம்பெனி என்றே சொல்லுங்கள், இரண்டு தடவை சொன்னால் புரிந்துகொள்வார்கள். ஜன்னலோர நாற்காலியில் தாராளமாக உட்காரலாம், தலைவர் அதில் இல்லாத நேரமாக இருந்தால். டீ நன்றாக இருக்கும்.

கன்னியம்மா கொடுத்த பையை மறுநாள் காலை மாட்டுக்கொட்டகையில் பிரித்தேன். இரண்டும் வலது கை, அன்றைக்கு ஓட்டில் மிஞ்சிய மூன்றில் இரண்டு. ஒன்றை இடது கையில், உள்ளங்கைத் தோல் புறங்கைப் பக்கம் பார்க்கிற மாதிரி மாட்டிக்கொண்டு சாணி அள்ளிவிட்டேன்.